பின்சக்கரத்தை நேர்நிறுத்தும் ரப்பர்

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கிவிடும். திருநெல்வேலியிலிருந்து மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் வழியாகச் சங்கரன்கோவிலுக்கு வரும் சாலை ஏறத்தாழத் தெற்கு வடக்காகக் கிடப்பதால், அந்தக் காற்று வண்டிகளின் விலாவில் நேரே மோதும். வழியெங்கும் காற்றாலைகள் நிற்பதே அதன் வலிமைக்குச் சான்று. இச்சாலையில் பழைய மகிழுந்து ஓட்டிவரும் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு: முன்பக்கம் ஸ்டியரிங் பிடித்த பிடியில் நிற்கிறது, பின்பக்கம் மட்டும் தன்போக்கில் இடமும் வலமும் அலைகிறது. எதிரே பேருந்து கடந்தால் அந்த அலைச்சல் கூடுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்னிருக்கைக்கு அடியில் ‘டக்’கென்று ஓர் ஓசை எழுகிறது. டயர் மாற்றியும், சக்கரச் சமன் பார்த்தும், ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து பார்த்தும் தீராத இக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. பின்னச்சை வண்டியின் உடலோடு பிணைக்கும் மூட்டுகளில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ரப்பர் உருளைகள் சில பொதிந்துள்ளன. அவை நைந்துபோயிருக்கும். பட்டறைகளில் அவற்றுக்குப் புஷ் என்று பெயர்.

தென்காசி மாவட்டத்துச் சாலைகளில் இது பலரையும் தொடும் செய்தி. 1957 முதல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகிவந்த அம்பாசிடர், 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்த மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் இவ்விரு வகை வண்டிகளுள் மிக இளையதும் பத்தாண்டைக் கடந்துவிட்டது. எஞ்சின் இன்னும் நன்றாக இருக்கிறது. உடல் தகடும் துரு ஏறாமல் இருக்கிறது. உரியவருக்குக் கைவிட மனம் வருவதில்லை. கைவிட வேண்டியதும் இல்லை. புதிதாக ஒரு வண்டி செய்ய ஆகும் இரும்பையும் ஆற்றலையும் எண்ணிப்பார்த்தால், உள்ளதைச் செப்பமாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை. ஆனால் பழைய வண்டியில் எஞ்சினுக்குத் தரும் கவனத்தில் பாதியையாவது ரப்பருக்குத் தர வேண்டும். இரும்பு ஓடினால்தான் தேயும். ரப்பர் நின்றாலும் கெடும்.

இவ்விரு வண்டிகளிலும் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிறது. அம்பாசிடரில் அந்த அச்சை இருபுறமும் பட்டை வில்கள் தாங்குகின்றன. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில்லின் முன்முனையை வண்டியின் அடித்தளத்தோடு ஒரு போல்ட் பிணைக்கும். பின்முனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். சுமை ஏறி வில் நிமிரும்போது அதன் நீளம் சற்றுக் கூடுகிறது. அந்தக் கூடுதலுக்கு இடம் கொடுக்கவே ஷேக்கிள். 1983-இல் வந்த முதல் மாருதியிலும் பின்பக்கம் பட்டை வில்தான் இருந்தது. 1986-இல் வண்டி புதுவடிவம் பெற்றபோது சுருள்வில்லுக்கு மாறியது. இங்கேதான் புஷ்ஷின் பொறுப்பு பன்மடங்காயிற்று. பட்டை வில் எடையையும் தாங்கும், அச்சையும் அதன் இடத்தில் நிறுத்தும். சுருள்வில்லுக்கு எடையைத் தாங்க மட்டுமே தெரியும். முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ அச்சு நகர்ந்தால் அதனால் தடுக்க முடியாது. ஆகவே அச்சிலிருந்து முன்னோக்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கைகள் நீள்கின்றன. பட்டறை வழக்கில் இவை ரியர் ஆர்ம். பக்கவாட்டு நகர்வைத் தடுக்க, அச்சின் ஒரு முனையிலிருந்து உடலின் மறுபக்கத்துக்குக் குறுக்குத் தண்டு ஒன்று செல்கிறது. இந்த மூன்று உறுப்புகளின் இருமுனைகளிலும் புஷ் உண்டு. பின்பக்கத்தின் நேர்மை முழுவதும் இந்த ஆறு ரப்பர் உருளைகளின் கையில் இருக்கிறது.

ரப்பர் வருமுன் இத்தகைய மூட்டுகளில் வெண்கலக் குழல்கள் இருந்தன. ஆணி குழலுக்குள் சுழலும். சுழலும் இடத்தில் உராய்வு உண்டு. உராய்வு உள்ள இடத்தில் கிரீஸ் வேண்டும். மாட்டுவண்டியின் இருசுக்கு மசை இடும் வழக்கமும் இதே தேவையில் பிறந்ததுதான். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் ஓட்டிய எவருக்கும் இம்முறையின் குறை தெரியும்: மசையில் புழுதி ஒட்டினால் அது அரைக்கும் குழம்பாகிவிடும், எதைக் காக்க இட்டோமோ அதையே தின்றுவிடும். 1920-களில் லெயோன் தீரி என்னும் பொறியாளர் இதற்கு வேறு வழி கண்டார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் குழல்களை வைத்து, அவற்றுக்கு இடையே ரப்பரை இறுக அடைத்தார். உள்குழல் ஒரு பக்கத்து உறுப்போடு இறுகியிருக்கும். வெளிக்குழல் மறுபக்கத்து உறுப்புக்குள் இறுகியிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து அசையும்போது எதன்மேலும் எதுவும் சறுக்குவதில்லை. ரப்பர் திருகிக்கொடுக்கிறது, விட்டதும் திரும்பிவிடுகிறது. சறுக்கல் இல்லாததால் கிரீஸ் வேண்டியதில்லை. திறந்த இடைவெளி இல்லாததால் புழுதி நுழைவதில்லை. உலோகம் உலோகத்தைத் தொடாததால் ஓசையும் இல்லை. சைலன்ட்பிளாக் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அந்த அமைப்பே இன்றைய புஷ்.

ஆக, புஷ் சுழலும் உறுப்பு அன்று, திருகும் உறுப்பு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்தினால் பின்வருவன யாவும் தெளிவாகும்.

உறுதியும் இளக்கமும் ஒரே பொருளில் எப்படி அமைகின்றன? ரப்பரை எல்லாப் பக்கமும் அடைத்து அழுத்திப் பார்த்தால், அது சுருங்க மறுப்பதில் நீருக்கு நிகராக நிற்கும். ஆனால் அதன் ஒரு முகத்தை மறுமுகத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் தள்ளினால் எளிதில் இணங்கும். பருமனைச் சுருக்குவதற்கு ரப்பர் காட்டும் எதிர்ப்பு, வடிவம் மாறுவதற்கு அது காட்டும் எதிர்ப்பைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. இரு குழல்களுக்கு இடையே சிறைப்பட்ட மெல்லிய ரப்பர் அடுக்கில் இந்த இயல்பு நன்கு வெளிப்படுகிறது. ஆர்மை முன்பின்னாக இழுத்தால் ரப்பர் நெருக்கப்படுகிறது, ஒதுங்க இடம் குறைவு, ஆகவே அசையாது. சக்கரம் மேலும் கீழும் போகையில் ரப்பர் முறுக்கப்படுகிறது. அதற்கு அது எளிதில் இணங்கும். அசையக்கூடாத திசையில் விறைப்பு, அசைய வேண்டிய திசையில் நெகிழ்வு என இரண்டையும் ஒரே வார்ப்பில் தரும் இவ்வமைப்பைப் பொறியியலின் அழகிய தீர்வுகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

ரப்பரின் மீட்சி எஃகின் மீட்சியைப் போன்றது அன்று. எஃகு வில்லை வளைத்தால் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் நீள்கின்றன. அவை திரும்பி இழுக்கின்றன. ரப்பரில் நடப்பது வேறு. 1805-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் வாழ்ந்த ஜான் கஃப் என்ற கண்பார்வையற்ற அறிஞர், ரப்பர்ப் பட்டையை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுத்தார். அது சூடாவதை உதடு உணர்ந்தது. எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால், பிற பொருள்களைப்போல் நீளாமல் சுருங்குவதையும் கண்டார். 1859-இல் ஜேம்ஸ் ஜூல் இதை அளவிட்டு உறுதிசெய்தார். பூக்கடையில் கிடைக்கும் ரப்பர் வளையம் ஒன்றைக் கொண்டு இதை யாரும் இன்றே செய்து பார்க்கலாம். ரப்பர் என்பது ஐந்து கரியணுவும் எட்டு நீரிய அணுவும் கொண்ட ஐசோப்ரீன் என்னும் சிறு கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. வெப்பத்தின் அசைவில் அந்தச் சங்கிலிகள் ஓயாமல் நெளிந்து சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நேராகின்றன, ஆனால் நேராக நிற்பதற்கு ஒரே வழியும் சுருண்டு கிடப்பதற்கு எண்ணற்ற வழிகளும் இருப்பதால், விட்டதும் மீண்டும் சுருள்கின்றன. சூடு கூடினால் நெளிவும் கூடும், இழுப்பும் கூடும். மாருதியின் பின்னச்சை இடத்தில் நிறுத்துவது மூலக்கூறுகளின் இந்த ஓயாத நெளிவே.

பச்சை ரப்பருக்கு இவ்வளவு திறன் கிடையாது. சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கியபோது, சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் அமைந்தன. ஒன்றையொன்று வழுக்கிக் கடந்துபோக முடியாமல் சங்கிலிகள் வலையாயின. 1904-இல் லண்டனின் சில்வர்டவுனில் எஸ். சி. மோட் என்பவர் கரித்தூள் சேர்த்தால் ரப்பரின் வலிமை பெரிதும் கூடுவதைக் கண்டார். டயரும் புஷ்ஷும் கறுப்பாக இருப்பதற்கு அழுக்குத் தெரியாமலிருப்பது காரணம் அன்று. அந்தக் கரித்தூளே காரணம். செயற்கை ரப்பர்கள் பல வந்த பின்னும் புஷ்ஷுக்கு இயற்கை ரப்பரையே விரும்புகிறார்கள். 1925-இல் ஜே. ஆர். காட்ஸ் ஊடுகதிரால் கண்ட ஓர் உண்மை இதற்கு விடை தருகிறது: நன்றாக இழுக்கப்பட்ட இயற்கை ரப்பரில் சங்கிலிகள் வரிசையாகப் படிந்து படிகமாகின்றன. வெடிப்பின் நுனியில்தான் இழுப்பு மிகுதி. ஆகவே வெடிப்பு முன்னேற முயலும் அதே இடத்தில் ரப்பர் தானே இறுகித் தடுக்கிறது. இலட்சக்கணக்கான முறை திருகித் திரும்ப வேண்டிய உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பண்பு வேறில்லை.

ரப்பர் தரும் மரமும் நமக்குத் தொலைவில் இல்லை. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவை மிகச் சில. அவற்றுள் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கையின் ஹேனரத்கொடைக்கு வந்தன. சங்கரன்கோவிலில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரின் மறுபுறம், மழை கொட்டும் புனலூர்ச் சரிவுகளில் இன்று ரப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. தெற்கே குமரி மாவட்டத்தின் கீரிப்பாறைப் பக்கமும் அவ்வாறே. மலை மறைவில் மழை குறைந்து, வெயில் காயும் இந்தப் பக்கத்தில் அந்த மரம் வளராது; அதன் பாலில் பிறந்த உறுப்பும் இங்கே சீக்கிரம் மூப்படைகிறது.

அந்த மூப்புக்கு வாயில்கள் பல. முதலாவது வெப்பம். சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் ரப்பரை அரிக்கும் வேதிவினைகள் ஏறத்தாழ இருமடங்கு விரைவு கொள்ளும் என்பது பொதுக்கணக்கு. கோடைத் தார்ச்சாலையின் சூடும் புகைக்குழாயின் சூடும் வண்டியின் அடியில் ஒன்றுசேர்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் சில இடங்களில் சங்கிலிகளை அறுக்கிறது; சில இடங்களில் வேண்டாத பாலங்களைக் கட்டுகிறது. அறுந்த இடம் பிசுபிசுக்கும். கட்டிய இடம் விறைத்து நொறுங்கும். இரண்டாவது ஓசோன். வான்மேல் நமக்குக் காவலாக நிற்கும் அதே வாயு, தரையருகே புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாகும்போது ரப்பருக்குப் பகை. ஐசோப்ரீன் கண்ணியிலுள்ள இரட்டைப் பிணைப்பை அது நேரே தாக்கும். இழுபட்டு நிற்கும் ரப்பரில் மட்டுமே வெடிப்பு விழும். அதுவும் இழுப்பின் திசைக்குச் செங்குத்தாக விழும். நிறுத்தியே வைத்த வண்டியின் புஷ்ஷில் கீறல்கள் ஒரே திசையில் வரிசையாக நிற்பது இதனால்தான்.

மூன்றாவது வாயிலை நாமே திறக்கிறோம். நீர்த் தாரையால் வண்டியைக் கழுவும் வாட்டர் சர்வீஸ் கடைகளில், துரு பிடிக்காமலிருக்க என்று சொல்லி அடிப்பக்கம் முழுவதும் டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ பீய்ச்சும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இயற்கை ரப்பரும் கனிம எண்ணெயும் வேதியியலில் நெருங்கிய உறவினர், இரண்டும் நீரகக்கரிமங்கள். ஆகவே எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து தங்கும், சங்கிலிகளை விலக்கும், ரப்பர் ஊதிப் பெருத்து வலுவிழக்கும். தகட்டைக் காக்கப் பீய்ச்சிய எண்ணெய் புஷ்ஷைத் தின்றுவிடுகிறது. இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும். துருவுக்கு அஞ்சுவோர் அடித்தகட்டுக்கு உரிய பூச்சு பூசிக்கொள்ளலாம். ரப்பர் மூட்டுகளை விலக்கிப் பூசச் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில் பட்டறை ஒன்றில் மாருதி 800-இன் ஆர்மிலிருந்து கழற்றிய புஷ்ஷை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். வெளிக்குழல் செந்துருவாக இருந்தது. வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டிய உள்குழல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஒதுங்கிய பக்கத்தில் ரப்பர் நசுங்கிப் பளபளத்தது. எதிர்ப்பக்கத்தில் உள்குழலுக்கும் ரப்பருக்கும் இடையே நகம் நுழையும் அளவுக்குப் பிறைவடிவ இடைவெளி. தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பிறை வழியாக மறுபக்கம் தெரிந்தது. கிழிசல் உள்குழலை ஒட்டியே தொடங்கியிருந்ததைக் கவனிக்க வேண்டும். முறுக்கப்படும் புஷ்ஷில் திரிபு, அதாவது ரப்பரின் வடிவம் மாறும் அளவு, எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. மையத்திலிருந்து உள்ள தொலைவின் இருமடிக்கு நேர்மாறாக அமையும். வெளி ஆரம் உள் ஆரத்தைப்போல் இருமடங்கானால், உள்குழலை ஒட்டிய ரப்பர் வெளிவிளிம்பு ரப்பரைப்போல் நான்கு மடங்கு திரிபைச் சுமக்கும். கிழிசல் அங்கே தொடங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு நக அளவு இடைவெளி என்ன செய்துவிடும்? மாருதி 800-இன் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர். ஒரு பக்கத்து ஆர்மின் புஷ் நைந்து, அந்தப் பக்கத்து அச்சு 3 மில்லிமீட்டர் பின்தங்குவதாகக் கொள்வோம். அச்சு 400-இல் 1 பங்கு சாய்ந்துவிடும். அந்தச் சாய்வில் பின்சக்கரங்கள் 100 மீட்டர் உருண்டால், பின்பக்கம் 25 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகப் பார்க்கும். ஓட்டுநர் அறியாமலே ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்து அதை ஈடுசெய்கிறார். பிரேக் பிடிக்கும்போது அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, விட்டதும் திரும்பினால் வண்டி பாம்பு நெளிவதுபோல் நெளியும். குறுக்குத் தண்டின் புஷ் நைந்தாலோ, மேல்காற்று அடிக்கும்போதெல்லாம் உடல் ஒருபுறமும் அச்சு மறுபுறமும் நகரும். முன்சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்துத் திருத்தலாம். இந்தப் பின்னச்சுக்குத் திருத்துவதற்கென்று ஒரு திருகும் கிடையாது. புஷ் நன்றாக இருந்தால் அது நேர், நைந்தால் கோணல்.

சோதிப்பது எளிது. வண்டியைக் குழியின்மேலோ ராம்பிலோ நிறுத்தி, ஆர்முக்கும் அது மாட்டிய பிடிக்கும் இடையே நெம்புகோலைச் செருகி மெல்ல நெம்ப வேண்டும். நல்ல புஷ் சிறிது இணங்கி உடனே திரும்பும். நைந்தது தயங்காமல் நகரும். போல்ட் அசைவது கண்ணுக்கே தெரியும். “அண்ணாச்சி, பின்னாடி ஆட்டம் குடுக்குது” என்று மெக்கானிக் சொல்லும்போது அந்த ஆட்டத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஷாக் அப்சார்பரின் மேல்முனை ரப்பர் நைந்தாலும் இதே ஓசை எழும். எது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது வீண்செலவு. மேற்பரப்பின் மெல்லிய கீறல்களைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். கீறல் ஆழமாகி இரு குழல்களும் தம்முள் விலகத் தொடங்கும்போதுதான் மாற்றும் காலம். மாற்றுவதானால் இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒரு பக்கம் விறைப்பும் மறுபக்கம் தளர்ச்சியுமாக இருந்தால் அச்சு மீண்டும் சாயும்.

கழற்றும் வேலையில் முதல் கவனம் உயிருக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழையக்கூடாது; கருங்கல்லோ செங்கல்லோ அடுக்கி முட்டுக்கொடுப்பதும் ஆகாது. உடலுக்கு இரும்பு ஸ்டாண்டு, அச்சுக்குத் தனி ஜாக்கி, முன்சக்கரத்துக்குத் தடை, இவ்வளவும் வேண்டும். சுருள்வில் சேர்த்துவைத்த ஆற்றல் சிறிதன்று. ஒரு சமயத்தில் ஓர் ஆர்மை மட்டும் கழற்றினால் மற்றவை அச்சை நிறுத்திவைக்கும், துளைகளும் நேர்விலகாது.

அடுத்த இடர் துரு. பழைய வண்டியில் போல்ட்டும் உள்குழலும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டைக் கழற்றியபின் போல்ட்டின் தலையைத் திருப்பினால் சற்றுச் சுழலும். ஸ்பேனரை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். போல்ட் கழலவில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம். முந்திய நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட வேண்டும். மாற்றப்போகும் ரப்பர் என்பதால் இங்கே எண்ணெய்க்குத் தடையில்லை. பழைய புஷ்ஷை எரித்து எடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. கந்தகமும் கரியும் கலந்த அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. ஆர்மில் தீ பட்டால் அதன் பூச்சும் போய்த் துருவுக்கு வழி திறக்கும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தித் தள்ளுவதே முறை. வெளிக்குழல் அசையாவிட்டால் ரம்பத்தால் உட்புறமாகக் கவனமாக அறுத்து வலுவிழக்கச் செய்யலாம்; ஆர்மின் துளையில் ரம்பம் படக்கூடாது.

புதிய புஷ்ஷைச் செலுத்தும்போது விசை வெளிக்குழலின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும். அதே விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை வைத்து அழுத்தினால் போதும். உள்குழலையோ ரப்பரையோ அழுத்தினால், வண்டி ஓர் அடி ஓடுமுன்பே ரப்பருக்கும் உலோகத்துக்கும் உள்ள ஒட்டு கிழிந்துவிடும். வழுக்கலுக்குச் சோப்புநீர் போதும், கிரீஸ் கூடாது. ரப்பரில் துளைவெட்டு உள்ள புஷ்ஷானால், பழையதன் வெட்டு எந்தத் திசையில் நின்றதோ அதே திசையில் புதியதன் வெட்டும் நிற்க வேண்டும். எந்தத் திசையில் இளகவேண்டும் என்று வடிவமைத்தவர் எண்ணியதை அந்த வெட்டே தாங்கியிருக்கிறது.

இனி இக்கட்டுரையின் உயிரான செய்தி. போல்ட்டை முழுதும் இறுக்கும் நேரத்தில் வண்டி எந்த நிலையில் இருக்க வேண்டும்? பல பட்டறைகளில் வண்டியை மேலே தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை முழுதும் இறுக்கிவிடுகிறார்கள். கை எட்டுகிறது, இடம் தாராளமாக இருக்கிறது, வேலை விரைவாக முடிகிறது. புஷ் சுழலும் உறுப்பாக இருந்தால் இதில் தவறில்லை. ஆனால் அது திருகும் உறுப்பு. போல்ட் தளர்ந்திருக்கும்வரை உள்குழல் தடையின்றிச் சுழலும். இறுக்கியதும் பிடியின் பற்றில் அது சிக்கி நின்றுவிடும். எந்தக் கோணத்தில் சிக்கியதோ அந்தக் கோணமே ரப்பரின் ஓய்வுநிலை. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், தொங்கும் கோணமே ஓய்வுநிலை ஆகிவிடும்.

எண்ணில் பார்ப்போம். ஆர்மின் நீளம் 40 சென்டிமீட்டர் என்றும், வண்டி தரையில் நிற்கும் நிலையைவிடத் தொங்கும்போது சக்கரம் 8 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்றும் கொள்வோம். வண்டியை இறக்கியதும் ஆர்ம் ஏறத்தாழ 11½ பாகை திரும்பும். அந்த முறுக்கு முழுவதையும் ரப்பர் சுமக்க வேண்டும். வண்டி நிறுத்தத்தில் இரவெல்லாம் ஓய்ந்து நிற்கும்போதும் சுமக்க வேண்டும். உள் ஆரத்தைப்போல் வெளி ஆரம் இருமடங்கான புஷ்ஷில், இந்தக் கோணத்துக்கு உள்குழலை ஒட்டிய ரப்பரில் உண்டாகும் திரிபு பாதிக்கும் மேல். பள்ளத்தில் விழுந்து சக்கரம் இன்னும் மேலே ஏறினால் அது மேலும் கூடும். எப்போதும் இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் ஓசோன் வெடிக்கச் செய்யும் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். நல்ல புஷ்ஷைப் போட்டும் சீக்கிரமே கிழிந்தது என்று பொருளைப் பழிக்கும் இடங்களில் பலமுறை குற்றம் இந்த இறுக்கலில்தான். வண்டியின் உயரமும் சற்றுக் கூடி நிற்கும், ஏனெனில் முறுக்கிய ரப்பர்கள் உடலை மேலே தள்ளுகின்றன. ஓட்டத்தில் துள்ளலும் மிகும்.

சரியான முறைக்குக் கூடுதல் கருவி ஏதும் தேவையில்லை. போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்க வேண்டும். பின்பக்கத்தை மேலும் கீழுமாகச் சிலமுறை அழுத்திவிட்டு, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டினால் எல்லா மூட்டுகளும் தத்தம் இயல்நிலைக்கு வந்து அமரும். அந்த நிலையில், குழியிலோ ராம்பிலோ நின்றபடி, உரிய டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். குழி இல்லாத பட்டறையில் பின்சக்கரங்களுக்கு அடியில் கனமான மரப்பலகைகள் வைத்து உயரம் கொடுக்கலாம். அம்பாசிடரின் பட்டை வில்லுக்கும் ஷேக்கிளுக்கும் இதுவே விதி.

எந்தப் புஷ் வாங்குவது? பளிச்சென்ற நிறங்களில் வரும் பாலியுரித்தேன் புஷ்கள் விறைப்பானவை, எண்ணெய்க்கும் அசையாதவை. பந்தயத் தடத்துக்கு அவை நன்று. ஆனால் அவற்றுள் பல, உலோகத்தோடு ஒட்டாமல் உள்குழல்மேல் சறுக்குபவை. அவற்றுக்குக் கிரீஸ் வேண்டும். வெண்கலக் குழல் காலத்துப் புழுதிச் சிக்கலும் கிரீச்சொலியும் அவற்றோடு திரும்பி வரும். சாலையின் அதிர்வையும் குறைக்காமல் உடலுக்கு அனுப்பும். லேத்தில் கடைந்த நைலான் துண்டும், பழைய டயரை வெட்டிச் செருகிய ரப்பரும் புஷ் ஆகா: முன்னது இணங்காது, பின்னது உலோகத்தோடு ஒட்டாது. நம் சாலைகளில் ஓடும் பழைய குடும்ப வண்டிக்கு, இரு குழல்களோடும் வார்த்து ஒட்டிய இயற்கை ரப்பர்ப் புஷ்ஷே ஏற்றது என்பது என் முடிபு. மதுரையில் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் முதலாகத் தமிழ்நாட்டு ஆலைகள் பல ஊர்திகளுக்கான ரப்பர் உறுப்புகளை வார்க்கின்றன. வார்க்கும் கலையில் நமக்குக் குறைவில்லை. வாங்கும்போது உள்குழல் சரியாக நடுவில் நிற்கிறதா, ரப்பர் குழலோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா, நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து மீள்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கீறல் விழுந்தது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வண்டி வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். பின்புஷ் மாற்றக் கொடுத்தால், வேலை முடியும் நேரத்தில் பட்டறையில் இருங்கள். வண்டி கீழே இறங்கி நான்கு சக்கரமும் தரையைத் தொட்ட பிறகுதான் போல்ட்டை முழுதும் இறுக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் பணிவாகச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கு உரிய கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.